எக்கோ நார்மல், உடம்புதான் நம்பவில்லை

மாரடைப்பு வந்து, ஸ்டென்ட் வைத்து, வீட்டுக்குத் திரும்பியவனிடம் எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: பயப்படாதே. டாக்டர் சொல்கிறார், நர்ஸ் சொல்கிறார், ஆப்பிள் பையோடு பார்க்க வரும் ஒன்றுவிட்ட சித்தப்பாவும் சொல்கிறார். எப்படிப் பயப்படாமல் இருப்பது என்று மட்டும் ஒருவரும் சொல்வதில்லை. என் பயம் புத்தியில் இருந்திருந்தால் அவர்கள் பேச்சிலேயே அது கரைந்திருக்கும். கணக்கெல்லாம் எனக்கே தெரியும். அடைபட்ட ரத்தக்குழாயைத் திறந்துவிட்டார்கள். எக்கோ ஸ்கேனில் பார்த்தால் இதயம் நன்றாகச் சுருங்கி விரிகிறது. மாத்திரைகளை வேளை தவறாமல் விழுங்குகிறேன். இவ்வளவும் தெரிந்த அதே ஆள்தான், நடுராத்திரி இடது பக்கமாகத் திரும்பிப் படுத்ததும் தலையணைக்குள்ளிருந்து கேட்கும் சொந்தத் துடிப்பில் மிரண்டு எழுந்து உட்கார்ந்தேன்.

மாரடைப்பு வந்த நாளைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. வாயு என்று நினைத்துச் சீரக வெந்நீர் குடித்தது, இடது தோள் கனத்தது, மனைவி ஆட்டோவைக் கூப்பிட்டது என்று இந்தக் கதை பாதி வீடுகளில் ஒரே மாதிரிதான் நடக்கிறது. அதற்குப் பிறகான மாதங்களைத்தான் யாரும் எழுதுவதில்லை. ஐம்பது வயதுவரை நான் என் உடம்பைக் கவனித்ததே கிடையாது. ஆடிட்டர் ஆபீஸில் கணக்கு எழுதுகிறவனுக்கு உடம்பு என்பது தலையைச் சுமந்துகொண்டு நாற்காலிவரை வரும் ஒரு சாமான், அவ்வளவுதான். அது திடீரென்று பேச ஆரம்பித்துவிட்டது. ஏப்பம் வந்தால் நெஞ்சைத் தொட்டுப் பார்ப்பேன். தாடை லேசாக வலித்தால் பல்லா, அதுவா என்று யோசிப்பேன். குளியலறைக் கதவைத் தாழ்ப்பாள் போடாமல் குளித்தேன். வியர்த்தால் போதும், உயிர் போய்த் திரும்பும். மே மாதத்து மதுரையில் வியர்வையை நோயின் அறிகுறியாக எடுத்துக்கொண்டால் ஊரையே ஐ.சி.யூ.வில்தான் சேர்க்க வேண்டும் என்று தெரியாமல் இல்லை. தெரிந்து என்ன பயன்? உடம்பு அந்த நியாயத்தைக் கேட்டுக்கொள்ளவில்லை.

சட்டைப் பையில் நெஞ்சுவலி வந்தால் நாக்கடியில் வைக்கும் சார்பிட்ரேட் மாத்திரை, அலமாரியில் ஆக்சிமீட்டர், மணிக்கட்டில் மகன் வாங்கித் தந்த ஸ்மார்ட் வாட்ச். எந்நேரமும் அதில் துடிப்பின் எண்ணைப் பார்த்துக்கொண்டிருப்பேன். எழுபது என்றால் நிம்மதி, தொண்ணூறு என்றால் கலக்கம். கலங்கியதாலேயே அது நூறாகும். நூறைப் பார்த்ததும் இன்னும் கொஞ்சம் ஏறும். எங்கள் வீடு இரண்டாவது மாடி, லிஃப்ட் கிடையாது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்று தம்பியும் மகனும் என்னை நாற்காலியில் உட்காரவைத்து மேலே தூக்கி வந்தார்கள். அதன்பின் ஒரு நல்ல காரணம் இல்லாமல் நான் கீழே இறங்கவே இல்லை. நல்ல காரணம் என்பது டாக்டர் சீட்டு மட்டும்தான்.

வீட்டார் காட்டிய அன்பைக் குறை சொல்ல மனம் வரவில்லை, ஆனால் சொல்லித்தான் ஆக வேண்டும். நம் ஊரில் நோயாளி மீதான பிரியம் முழுவதும் ஒரே கட்டளையாக வெளிப்படுகிறது: அசையாதே. தண்ணீர்ச் செம்பைத் தூக்க விடமாட்டார்கள். குனிந்து செருப்பை எடுத்தால் மூன்று பேர் ஓடிவருவார்கள். 'பார்த்து', 'மெதுவாக', 'உங்களை யார் எழுந்திருக்கச் சொன்னது' என்று நாள் முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தால் உடம்பு என்ன முடிவுக்கு வரும்? தன்னால் எந்த நேரமும் ஆபத்து வரலாம் என்றுதானே? டாக்டரின் 'பயப்படாதே' மாதத்துக்கு ஒரு முறை கேட்டது. வீட்டாரின் 'பார்த்து' மணிக்கு நாலு முறை.

நாற்காலிக்கே சண்டை நடந்த காலம்

இந்த அசையாதே வைத்தியத்துக்கு நம் பாட்டிமார் மட்டும் பொறுப்பல்ல. போன நூற்றாண்டின் முதற்பாதியில் மேல்நாட்டு மருத்துவமே அதைத்தான் செய்தது. மாரடைப்பு என்றால் நான்கு முதல் ஆறு வாரம் மல்லாந்து படுக்க வேண்டும். புரண்டு படுப்பதற்குக்கூட ஆள் வேண்டும், சோறு ஊட்டிவிட வேண்டும். காயம்பட்ட இதயத் தசைக்கு ஓய்வு வேண்டும் என்ற யோசனை கேட்பதற்கு நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அசையாமல் கிடந்த கால்களில் ரத்தம் உறைந்து, அந்தக் கட்டி நுரையீரலுக்கு ஏறிச் சிலர் செத்தார்கள். பாஸ்டனில் சாமுவேல் லெவைன், பெர்னார்ட் லோன் என்ற இரண்டு மருத்துவர்கள் நோயாளிகளைப் படுக்கையிலிருந்து எடுத்து நாற்காலியில் உட்காரவைத்துப் பார்த்து, 1952இல் அதைப் பற்றி எழுதினார்கள். நடக்கவிட்டதாக நினைத்துவிட வேண்டாம், உட்காரவைத்தார்கள், அவ்வளவுதான். அதற்கே ஆஸ்பத்திரிக்குள் பெரிய எதிர்ப்பு. உட்காரவைத்ததால் சாவு கூடவில்லை. மாறாக, முகம் தெளிந்து, வீட்டுக்கு எப்போது போகலாம் என்று கேட்க ஆரம்பித்தார்கள். அந்த லோன்தான் பிற்பாடு அணு ஆயுதத்துக்கு எதிரான மருத்துவர்கள் அமைப்பைத் தொடங்கியவர்களில் ஒருவர். அந்த அமைப்புக்கு 1985இல் அமைதிக்கான நோபல் பரிசு கிடைத்தது. நாற்காலிக்குப் போராடிய அனுபவம் அதற்கு உதவியிருக்கும் என்று நினைத்துக்கொள்வேன்.

அந்த நாற்காலிக் கட்டுரை வந்து மூன்று வருடம் கழித்து, 1955 செப்டம்பரில், அமெரிக்க அதிபர் ஐசன்ஹோவருக்கு மாரடைப்பு வந்தது. அவரைக் கவனித்த பால் டட்லி வொய்ட், மாரடைப்பு வந்தவன் நடக்கலாம், வேலைக்குத் திரும்பலாம் என்று விடாமல் சொல்லிக்கொண்டிருந்த மருத்துவர். அடுத்த ஆண்டே ஐசன்ஹோவர் மறுபடி தேர்தலில் நின்று ஜெயித்தார். 1969 வரை உயிரோடு இருந்தார். மாரடைப்பு வந்தால் வாழ்க்கை முடிந்தது என்று உட்கார்ந்திருந்த ஒரு தலைமுறைக்கு எந்த மருந்தையும்விட இந்த ஒரு மனிதர் கோல்ஃப் ஆடுவதைப் பத்திரிகையில் பார்த்தது அதிகத் தைரியம் தந்திருக்கும்.

இவ்வளவு பழைய சங்கதி இது. இருந்தும் 2020களின் மதுரையில் ஒருவனை நாற்காலியில் வைத்து மாடிக்குத் தூக்குகிறோம். உயிரைக் காப்பாற்றுவதில் நாம் எங்கேயோ போய்விட்டோம். ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே மாரடைப்புக்கான முதல் மாத்திரைகளைக் கொடுத்து அனுப்பும் 'இதயம் காப்போம்' திட்டம் 2023இல் தமிழ்நாட்டில் வந்தது. அதே ஆண்டு மாவட்டந்தோறும் எட்டு கிலோமீட்டர் நடைபாதைகளை அறிவித்தார்கள். முதல் ஒரு மணி நேரத்துக்கு வழி இருக்கிறது, ஆரோக்கியமாக இருப்பவன் நடப்பதற்கும் பாதை இருக்கிறது. நடுவில் இருக்கிறவன், அதாவது பிழைத்துவிட்டு நடக்கப் பயப்படுகிறவன், எங்கே போவது? என்னை அனுப்பிவைத்த ஆஸ்பத்திரியின் டிஸ்சார்ஜ் சீட்டில் மாத்திரைகளுக்கு ஒரு பக்கம் முழுக்க இருந்தது. நடப்பதைப் பற்றி இருந்தது ஒரே வரி: 'மிதமான நடை'. எது மிதம்?

துடிப்பு முதலா, பயம் முதலா

இந்தப் பயம் என் தனிப்பட்ட கோழைத்தனம் அல்ல என்று தெரிந்தபோது கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. 2012இல் பல ஆய்வுகளைச் சேர்த்து அலசியவர்கள், மாரடைப்பு போன்ற இதய நெருக்கடியிலிருந்து பிழைத்தவர்களில் ஏறக்குறைய எட்டில் ஒருவருக்குப் போர்முனையிலிருந்து திரும்பியவர்களுக்கு வருகிற அதே அதிர்ச்சி நோயின் அறிகுறிகள் இருப்பதாகக் கண்டார்கள். ஒரு வித்தியாசம் உண்டு. போரிலிருந்து வந்தவன் வெடிச் சத்தம் கேட்காத ஊருக்குக் குடிபோகலாம். விபத்தில் சிக்கியவன் அந்தச் சாலையைத் தவிர்க்கலாம். எங்களுக்கு வெடி இருப்பது விலா எலும்புக்குள்ளே. அது நிமிடத்துக்கு எழுபது முறை தன்னை நினைவுபடுத்துகிறது.

போருக்கும் நெஞ்சுக்கும் உள்ள உறவு இதைவிடப் பழையது. அமெரிக்க உள்நாட்டுப் போரில் சிப்பாய்களுக்கு வைத்தியம் பார்த்த ஜேக்கப் டா கோஸ்டா என்ற ஃபிலடெல்ஃபியா மருத்துவர், இதயத்தில் பழுது எதுவும் அகப்படாமலேயே படபடப்பு, மூச்சுத் திணறல், நெஞ்சுவலி என்று அவதிப்பட்ட வாலிபர்களைப் பற்றி 1871இல் எழுதினார். முதல் உலகப் போரில் இதே கோளாறு ஆயிரக்கணக்கானவர்களுக்கு வந்தபோது, இங்கிலாந்தில் தாமஸ் லூயிஸ் என்ற இதய மருத்துவர் அவர்களைப் படுக்கையில் போடாமல் படிப்படியாகக் கூடும் உடற்பயிற்சிகளைக் கொடுத்தார். யாரால் எவ்வளவு முடியும் என்பதைப் பயிற்சியே காட்டிக்கொடுத்தது. கணிசமானவர்கள் மறுபடி வேலைக்குப் போனார்கள். போர்முனைக்கு என்பதுதான் சங்கடம்.

பயந்ததால் இதயம் துடிக்கிறதா, இதயம் துடிப்பதால் பயமா என்று அமெரிக்க உளவியலாளர் வில்லியம் ஜேம்ஸ் 1884இல் கிளப்பிய சர்ச்சை என்னைப் பொறுத்தவரை நடுராத்திரிப் பிரச்சினை. இதற்கு ஓர் அழகான சோதனையை 2023இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் செய்தார்கள். எலிகளின் இதயத்தை ஒளியைக் கொண்டு வேகப்படுத்த ஒரு வழி கண்டுபிடித்து, நிமிடத்துக்கு 660 என்றிருந்த துடிப்பை 900 ஆக்கினார்கள். பாதுகாப்பான இடத்தில் இருந்த எலி அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆபத்து வரலாம் என்ற இடத்தில் இருந்த எலி மட்டும் ஒடுங்கிப்போனது, தண்ணீருக்கான விசையை அழுத்தக்கூடத் தயங்கியது. ஆக, வேகமான துடிப்பு மட்டும் பயத்தை உண்டாக்குவதில்லை. எங்கே இருக்கிறோம் என்ற நினைப்பும் சேர்ந்தால்தான் அது பயமாகிறது. எனக்கு எல்லா இடமும் ஆபத்தான இடமாகிவிட்டிருந்தது, ஏனென்றால் நான் போகும் இடமெல்லாம் என் இதயமும் கூடவே வந்தது. சூடு கண்ட பூனை அடுப்பங்கரை சேராது என்பார்கள். அடுப்பையே வயிற்றில் வைத்துக்கொண்டு திரியும் பூனை எங்கே போகும்?

மூச்சைப் பிடித்துக்கொண்டு ஏறுகிறீர்கள்

மறு பரிசோதனைக்குப் போன இன்னொரு மருத்துவமனையில்தான் கார்டியாக் ரிஹாப், அதாவது இதய நோயாளிகளுக்கான மீட்புப் பயிற்சி, என்று ஒன்று இருப்பது தெரிந்தது. பெரிதாக எதையும் கற்பனை செய்ய வேண்டாம். அடித்தளத்தில் ஓர் அறை, இரண்டு நிற்கும் சைக்கிள், ஒரு ட்ரெட்மில், சுவரில் ஒரு எண் அட்டவணை. பொறுப்பில் இருந்தது முப்பது வயது தாண்டாத ஒரு பிசியோதெரபிஸ்ட் பெண். முதல் நாள் வராந்தாவில் முப்பது மீட்டருக்கு இரண்டு கூம்புகளை வைத்து ஆறு நிமிடம் போய் வரச் சொன்னார். எவ்வளவு தூரம் போகிறேன் என்பதுதான் கணக்கு. ஓட வேண்டாம், முடியாவிட்டால் நிற்கலாம். நான் வாட்சைப் பார்த்துக்கொண்டே நடந்தேன். முடித்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, "சார், அதைக் கழற்றி என்னிடம் கொடுக்கிறீர்களா?"

காரணத்தையும் சொன்னார். நான் சாப்பிடும் மாத்திரைகளில் ஒன்று இதயத் துடிப்பை ஏறவிடாமல் பிடித்துவைப்பது. அதனால் வாட்ச் காட்டும் எண்ணை வைத்து உழைப்பை அளப்பதில் அர்த்தம் இல்லை. அதற்குப் பதில் சுவரில் இருந்த அட்டவணையைக் காட்டினார். ஸ்வீடன் நாட்டு உளவியலாளர் குன்னர் போர்க் 1960களில் உருவாக்கியது. ஆறில் தொடங்கி இருபதில் முடியும். ஆறு என்றால் சும்மா உட்கார்ந்திருப்பது, பதின்மூன்று என்றால் கொஞ்சம் சிரமம், இருபது என்றால் இதற்கு மேல் முடியவே முடியாது. நடந்துகொண்டே நான்தான் எண் சொல்ல வேண்டும். "எனக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டேன். "வேறு யாருக்குத் தெரியும்?" என்றார். மாரடைப்புக்குப் பிறகு என் உடம்பைப் பற்றி என்னிடமே ஒருவர் விசாரித்தது அப்போதுதான். அதுவரை எல்லோரும் ரிப்போர்ட்டைத்தான் விசாரித்தார்கள்.

இன்னொரு சோதனை இன்னும் எளிது. நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. பேசவே முடியாவிட்டால் வேகம் அதிகம், பாட முடிந்தால் வேகம் போதாது. டிஸ்சார்ஜ் சீட்டு சொல்லாமல் விட்ட அந்த 'மிதம்' இதுதான். ட்ரெட்மில்லில் நின்றுகொண்டு நான் ஒரு பழைய பாட்டை எடுத்துவிட, பக்கத்துச் சைக்கிளில் இருந்த ஓய்வுபெற்ற கண்டக்டர், "சார், நீங்கள் இன்னும் கொஞ்சம் வேகமாக நடப்பதுதான் எல்லோருக்கும் நல்லது" என்றார்.

எனக்குள் ஏதோ மாறியது ட்ரெட்மில்லில் அல்ல, ஆஸ்பத்திரியின் பின்புறப் படிக்கட்டில். மாடிப்படி ஏறப் பயமாக இருக்கிறது என்று சொல்லியிருந்தேன். ஒரு நாள் பயிற்சி முடிந்ததும், "வாருங்கள், ஏறிப் பார்ப்போம்" என்று கூட்டிப்போனார். நான் ஏறினேன், அவர் என் பக்கத்திலேயே வந்தார். பத்துப் படி ஏறியதும் நிற்கச் சொன்னார். "மூச்சைப் பிடித்துக்கொண்டு ஏறுகிறீர்கள், தெரியுமா?" தெரியாது. கைப்பிடிக் கம்பியை இறுக்கி, தோளைக் காதுவரை தூக்கி, வயிற்றை எக்கி, அடி வாங்கப்போகிறவனைப் போலவே ஏறிக்கொண்டிருந்திருக்கிறேன். மூச்சு விடாமல் பத்துப் படி ஏறினால் நல்ல இதயம் உள்ளவனுக்கும் திணறத்தான் செய்யும். அந்தத் திணறலைத்தான் இத்தனை நாளும் இதயத்தின் தலையில் கட்டிக்கொண்டிருந்தேன்.

"படியை வாய்விட்டு எண்ணிக்கொண்டே ஏறுங்கள்" என்றார். ஒன்று, இரண்டு, மூன்று என்று சத்தமாக எண்ணினால் மூச்சைப் பிடிக்க வழியே இல்லை. வார்டுக்குக் காபி கொண்டுபோகிறவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும். மேலே போய்ச் சேர்ந்ததும் நெஞ்சு அடித்துக்கொண்டது. வழக்கம்போல் உட்கார இடம் தேடினேன். அவர் உட்காரவிடவில்லை. "மெதுவாக இங்கேயே நடந்துகொண்டிருங்கள். இப்போது நெஞ்சு என்ன செய்கிறது, சொல்லுங்கள்." அடிக்கிறது என்றேன். "வலி? இறுக்கம்? கை கனக்கிறதா?" இல்லை. "சரி. இப்போது?" இன்னும் அடிக்கிறது. "இப்போது?" கொஞ்சம் பரவாயில்லை. அவர் கேட்டுக்கொண்டே இருந்தார், நான் சொல்லிக்கொண்டே இருந்தேன். அடித்துக்கொண்டிருந்த நெஞ்சு, யாரும் எதுவும் செய்யாமல், மாத்திரை இல்லாமல், சுவாமி பெயர் சொல்லாமல், தானாக இறங்கி வழக்கமான இடத்துக்கு வந்து நின்றது.

இதில் என்ன பெரிய அதிசயம் என்று தோன்றலாம். படி ஏறினால் துடிப்பு ஏறும், நின்றால் இறங்கும். பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரிந்தது. ஆனால் ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததிலிருந்து நான் ஒரு துடிப்பையும் கடைசிவரை இருந்து பார்த்ததில்லை. ஏற ஆரம்பித்தவுடனே வாட்சைப் பார்ப்பேன், அல்லது உட்காருவேன், அல்லது மனைவியைக் கூப்பிடுவேன். அது இறங்கும்போதெல்லாம் உட்கார்ந்ததால்தான் இறங்கியது என்று உடம்பு எழுதிவைத்துக்கொண்டது. உட்காராமலும் இறங்கும் என்பது அதற்கு அன்றுவரை காட்டப்படவே இல்லை. பீதி நோய்க்கு வைத்தியம் பார்க்கும் உளவியலாளர்கள் இதையே ஒரு முறையாகச் செய்கிறார்கள். நின்ற இடத்தில் ஓடச் சொல்வார்கள், நாற்காலியில் சுற்றச் சொல்வார்கள்; பயந்த உணர்ச்சியை வேண்டுமென்றே வரவழைத்து, அது போகும்வரை கூட இருக்கச் சொல்வார்கள். எங்கள் பிசியோதெரபிஸ்டுக்கு அந்தச் சாஸ்திரம் தெரியுமா என்று நான் கேட்கவில்லை. படிக்கட்டு தெரிந்திருந்தது.

இரண்டு மாடி ஏற முடிந்தால்

இதோடு சேர்ந்த ஒரு விஷயத்தைப் பூசி மெழுகாமல் சொல்லிவிடுகிறேன். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாள் முதல் மனைவி தரையில் தனியாகப் பாய் விரித்துக்கொண்டாள். அவள் கேட்கவில்லை, நான் கேட்கவில்லை, டாக்டர் சொல்லவில்லை. இத்தனை மாத்திரைக்கு இடம் இருந்த சீட்டில் தாம்பத்தியத்துக்கு ஒரு வரிகூட இல்லை. நம் ஊரில் இந்தக் கேள்வியைக் கேட்பதற்கு இன்னொரு மாரடைப்புக்குத் தயாராக இருக்க வேண்டும். உலகம் முழுக்க இதய மருத்துவர்கள் சொல்லும் பொதுவான கணக்கு வெகு சாதாரணமானது: நெஞ்சுவலியோ திணறலோ இல்லாமல் இரண்டு மாடி ஏற முடிகிறவருக்கு அதற்கான சக்தியும் இருக்கிறது. ஆளுக்கு ஆள் மாறும் என்பதால் தன் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது. சார்பிட்ரேட் வகை மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அந்த விஷயத்துக்கென்று விற்கும் மாத்திரைகளை வாங்கி விழுங்கவே கூடாது, ரத்த அழுத்தம் அபாயகரமாக விழும் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். இந்த நாலு வரியைச் சொல்ல அரை நிமிடம் ஆகாது. சொல்லாததால் எத்தனை வீடுகளில் எத்தனை பாய்கள் தனியாக விரிக்கப்பட்டுக் கிடக்கின்றனவோ.

உடம்பின் வழியாக மனத்தைக் குணப்படுத்துவது என்று இணையத்தில் இப்போது நிறையப் பேசுகிறார்கள். இடுப்பு மூட்டில் பழைய துக்கம் தேங்கியிருக்கிறது என்கிறார் ஒருவர். கழுத்தில் ஒரு நரம்பைத் தடவினால் பயம் போகும் என்கிறார் இன்னொருவர். பனிக்கட்டித் தண்ணீரில் முகத்தை முக்கச் சொல்கிறார் மூன்றாமவர். ஸ்டென்ட் வைத்தவன் கழுத்து நரம்பைத் தானே அமுக்கிப் பார்ப்பது விபரீதம் என்பதை அந்த வீடியோக்கள் சொல்வதில்லை. கண்ணை மூடி மூச்சைக் கவனியுங்கள் என்ற எளிய யோசனைகூட ஆரம்பத்தில் எனக்கு ஆகவில்லை. கண்ணை மூடினால் கேட்க நெஞ்சைத் தவிர வேறு சத்தமே இல்லை. தியானத்தின்மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் உள்ளே இருப்பதுதான் பயமுறுத்துகிறது என்றால், நேராக உள்ளே போகச் சொல்வது கருணை அல்ல. எனக்குக் கண் திறந்திருக்க வேண்டும், கால் தரையில் பட வேண்டும், பக்கத்தில் ஓர் ஆள் பேசிக்கொண்டு வர வேண்டும். மூச்சுப் பயிற்சி பிடிபட்டது பல மாதம் கழித்து, நடை பழகிய பிறகுதான்.

யோகாவைப் பற்றி ஒரு பெரிய இந்திய ஆய்வு இருக்கிறது. நாடு முழுக்க 24 மருத்துவமனைகளில், மாரடைப்பிலிருந்து மீண்ட 3,959 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு மூன்று மாதம் யோகா சார்ந்த ரிஹாப் கொடுத்தார்கள். முடிவு 2020இல் வெளிவந்தது. மறுபடி மாரடைப்பு வருவதையும் மரணத்தையும் அது குறைத்தது என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை. ஆனால் யோகா செய்தவர்கள் தாங்கள் நன்றாக இருப்பதாக உணர்ந்தார்கள், மாரடைப்புக்கு முன்பு செய்த வேலைகளுக்கு அதிகமாகத் திரும்பினார்கள். இதை வாசித்த நண்பர் ஒருவர், "அப்படியென்றால் யோகா பிரயோஜனமில்லை" என்றார். எனக்கு அப்படிப் படவில்லை. அபாயம் ஒன்று, அபாயத்தில் இருக்கிறோம் என்ற உணர்வு இன்னொன்று. முதலாவதை மாத்திரையும் உப்பைக் குறைத்ததும் சிகரெட்டை விட்டதும் பார்த்துக்கொள்ளட்டும். இரண்டாவது தனியாக ஒரு நோய், அதற்குத் தனியாகத்தான் வைத்தியம் பார்க்க வேண்டும். என் இதயத்துக்கு மறுபடி எதுவும் வராது என்று யாரும் எழுதித் தரப்போவதில்லை. அது தெரிந்தும் இப்போது கதவைத் தாழ்ப்பாள் போட்டுக் குளிக்கிறேன். நெஞ்சை ஏதாவது உண்மையாகவே இறுக்கினால் சீரக வெந்நீர் வைக்காமல் நேராக ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்பதும் தெரியும். இரண்டும் ஒரே உடம்பில் இருக்கலாம் என்பதை நம்ப எனக்கு வெகுகாலம் பிடித்தது.

ரிஹாப் எல்லாம் முடிந்து, வண்டியூர்த் தெப்பக்குளத்தைச் சுற்றி மாலையில் நடக்க ஆரம்பித்த பிறகுதான் ஒன்றைக் கவனித்தேன். ராத்திரியில் நான் தூங்குகிறேன், மனைவி தூங்குவதில்லை. நான் புரண்டால் எழுந்துகொள்கிறாள். நான் அசையாமல் கிடந்தால் இன்னும் வேகமாக எழுந்து மூக்கருகே கை வைத்துப் பார்க்கிறாள். அன்று ஆட்டோவில் என் தலையைத் தாங்கிக்கொண்டு வந்தது அவள். எனக்கு அந்தப் பயணத்தில் பாதி நினைவில்லை, அவளுக்கு ஒவ்வொரு சிக்னலும் நினைவிருக்கிறது. இன்றும் ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டால் கையில் இருக்கும் வேலையை விட்டுவிடுகிறாள். என் உடம்புக்கு ஸ்டென்ட், மாத்திரை, சைக்கிள், படிக்கட்டு என்று இத்தனை ஏற்பாடு. அவள் உடம்புக்கு என்ன? வந்து போன விருந்தாளிகளுக்குக் காபி போட்டதுதான்.

பிசியோதெரபிஸ்டிடம் சொன்னேன். "அம்மாவைக் கூட்டி வாருங்கள்" என்றார். நான் ட்ரெட்மில்லில் வேகம் கூட்டி நடக்கும்போது பக்கத்தில் நிற்கவைத்தார். முகம் சிவந்து, சட்டை நனைந்து, நான் மூச்சு வாங்குவதை அவள் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு பார்த்தாள். "நிறுத்தச் சொல்லுங்கள்" என்று இரண்டு முறை கேட்டாள். "அவரையே கேளுங்கள் அம்மா, எண் சொல்வார்" என்றார் அந்தப் பெண். பதின்மூன்று என்றேன். அட்டவணையில் பதின்மூன்றைத் தேடிப் பார்த்து, கொஞ்சம் சிரமம் என்று எழுதியிருப்பதை வாசித்து, "கொஞ்சமா?" என்று என்னை முறைத்தாள். அதன்பின் படிக்கட்டு. எனக்குப் பின்னால் ஏறி வர வேண்டும், 'மெதுவாக' என்று சொல்லக் கூடாது, இதுதான் அவளுக்குக் கொடுக்கப்பட்ட பயிற்சி. முதல் தடவை நாலாவது படியிலேயே தோற்றாள். இப்போது ஒரு மாடிவரை தாங்குகிறாள்.

பாய் கட்டிலுக்கு வந்துவிட்டது. தூக்கம் இன்னும் சரியாகவில்லை. சார்பிட்ரேட் என் சட்டைப் பையிலிருந்து அவள் பர்ஸுக்குப் போயிருக்கிறது. அவளிடம் இருந்தால்தான் அவளுக்கு நிம்மதி என்பதால் நானும் விட்டுவிட்டேன். தனியாக வெளியே போகும் நாளில் மட்டும் கேட்டு வாங்கிக்கொள்கிறேன். தற்சமயம் எங்கள் வீட்டில் நடந்துகொண்டிருக்கும் வழக்கு பழனியைப் பற்றியது. 693 படி. இடையிடையே நின்று ஏறலாம் என்று டாக்டர் சம்மதித்துவிட்டார். ரோப் காரில் போகலாம் என்று ஆரம்பித்தவள், விஞ்சுக்கு இறங்கி வந்து, பிறகு ஏறுவதற்கு விஞ்ச், இறங்குவதற்குப் படி என்று ஒரு சமரசத்தை முன்வைத்தாள். இறங்குவதற்காகப் பழனிவரை வர முடியாது என்று நான் மறுத்தேன். கடைசியாக நேற்று ராத்திரி, படிக்கட்டைவிட யானைப் பாதையில் ஏறுவது எளிதென்று எதிர்வீட்டு அக்கா சொன்னார்களாம், அதில் நடுநடுவே உட்கார மண்டபம் இருக்கிறதா என்று விசாரித்துச் சொல்லச் சொல்லியிருக்கிறாள்.